கடலை மேலே வைத்த படம்

அக்கா,

உங்கள் மடிக்கணினியைத் திறந்ததும் அதன் விசிறி இரைந்தது. அம்மா எழும்பிவிடுவாரோ என்று போர்வையால் மூடிக்கொண்டேன். காய்ச்சலோடு போன நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாத நாள் முதல் இதை யாரும் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பயமாக இருந்தது. ஆனால் திரையில் உங்கள் காற்றுச் சக்கரம் விரிந்தபோது சிரிப்பும் வந்தது.

நண்டு வாங்கும் கொம்பனியில் கணினி அறிக்கை செய்வதுதான் உங்கள் வேலை. அங்கே எல்லாக் கரைக்கும் ஒரே படம்: மாதத்துக்கு ஒரு தூண், குறைந்தால் சிவப்பு அம்பு. "கரையிலை ஆரடி மாதம் பாத்துத் தொழிலுக்குப் போறது?" என்று என்னிடம் சினந்தீர்கள். தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். அதனால் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று நான்கு காற்றுக்கும் நான்கு துண்டு வைத்து இந்தச் சக்கரத்தைக் கீறினீர்கள். போன வருடம் பிடித்த நண்டின் நிறையின்மேல் இந்த வருட நிறை படியும். கணினியில் அப்படியொரு படம் ஆயத்தமாக இல்லை. நீங்களே எழுதி உருவாக்கினீர்கள்.

முதலில் அப்பாவிடம் காட்டினீர்கள். வரைபட வழக்கப்படி வடக்கு மேலே இருந்தது. அப்பா தலையைச் சரித்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கடலைக் காலுக்குக் கீழை போட்டிட்டாய்? நாங்கள் பின்பக்கமாவோ தொழிலுக்குப் போறது?"

கோபத்தோடு எழும்பிப் போனீர்கள். அடுத்த நாள் சக்கரம் தலைகீழாகியிருந்தது. எங்கள் கரை தெற்கைப் பார்த்த கரை. இப்போது கடல் மேலே, பட்டினம் கீழே. படம் என்றாலே முகம் திருப்பும் மீனவர் சங்கத் தலைவர் மாமாகூட விரல் வைத்து, "உதுதான் எங்கடை சோளகம்" என்றார்.

வடக்கு மேலே இல்லாத படமா என்று உங்கள் மேலாளர் ஏசினார். நீங்கள் சண்டை பிடித்து அதை அறிக்கையில் சேர்த்தீர்கள். நீங்கள் போனபின் எடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் சோளகம் முந்திவிட்டது. நண்டு முந்தின மாதத்தோடு பிடிபட்டுவிட, இந்த மாதத் தூண் சரிந்து, சங்கத்துக்குச் சிவப்பு அம்போடு அறிக்கை வந்தது. எங்கள் கரைக்கு இனி ஐஸ் லொறி அனுப்புவதா என்று முடிவெடுக்க நாளைக்குக் கொம்பனி அதிகாரி வருகிறார். லொறி நின்றால் பிடித்த நண்டு மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். அப்பாவின் தொழில் அதோடு சரி.

"அக்கான்ரை சக்கரம் இருக்கு. நான் காட்டுறன்" என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன்.

"ஓஎல் சோதினை எடுக்காத பெட்டை கொம்பனிக்குப் பாடம் எடுக்கப் போறாவாம்!" என்று தலைவர் மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "காட்டட்டுமன். நாங்கள் வாயாலை சொல்லி என்னத்தைக் கண்டம்?"

இப்போதுதான் இந்த வருட நிறைகளைப் போட்டு முடித்தேன். சோளகத் துண்டு போன வருடத்தின்மேல் அச்சொட்டாகப் படிந்தது. மூச்சு வந்தது. அதன் பிறகே வாடைத் துண்டைப் பார்த்தேன். அது உள்ளே சுருங்கிக் கிடந்தது. காற்று முந்தியது, பிந்தியது என்று இதற்குக் குற்றம் சொல்ல முடியாது; நண்டே குறைந்திருந்தது. அந்தத் துண்டின் அளவுகோலை மட்டும் மாற்றிப் பார்த்தேன். சுருக்கம் மறைந்தது, படம் வடிவாக இருந்தது. கனநேரம் அப்படியே விட்டிருந்தேன், அக்கா. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என் தலையில் குட்டியிருப்பீர்கள்.

திருப்பி மாற்றிவிட்டேன். ஒரு துண்டில் ஏய்த்தது தெரிந்தால் மற்ற மூன்றையும் அந்த அதிகாரி நம்பமாட்டார். அதைவிட, வாடை நண்டு குறைகிறது என்பதை அப்பா ஓர் அந்நியரின் வாயால் அறியக்கூடாது. விடிந்ததும் அவரிடம்தான் முதலில் காட்டுவேன். அம்மா ஏசினால் வாங்கிக்கொள்வேன்.

எல்லாருக்கும் முன்னால் என் குரல் நடுங்கும். நடுங்கட்டும். எந்தக் காற்றையும் மறைக்காமல் கீற உங்களால் முடிந்தது. சோளகத்தில் நாங்கள் குறையவில்லை என்று நான் அழுத்திச் சொல்ல வேண்டுமானால், வாடையில் குறைந்ததையும் நானே முதலில் சொல்ல வேண்டும். சொல்லுவேன்.