வறுக்காத செர்ரிப் பருப்பு

இன்று காலை உரலில் மஹ்லெப் இடித்தேன். செர்ரிக் கொட்டைக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பருப்பு நசுங்கியதும் பாதாமும் பழமும் கலந்த மணம் எழும்பியது. அதோடு, தோழி, நீயும் வந்துவிட்டாய், வழக்கம்போல் என்னை விலக்கிக்கொண்டு.

நாம் வந்து சேர்ந்த பீல் நகரின் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசை நமக்கு. அந்த வேலையை விட்டுவிட்டு, மா பிசைந்து பாண் சுட்டுப் பிழைக்கலாம் என்றாய். பாண் சுடும் அடுப்பான ஒரு பழைய போறணையையும் வாடகைக்குப் பிடித்தாய். சிரியாக்காரர் ஒருவர் தன் கடைக்குப் பெருநாள் பாண் கேட்டார்; பிடித்தால் ஒவ்வொரு கிழமையும் எடுப்பதாகச் சொல்லி மஹ்லெப் பொட்டலத்தையும் தந்தார். அப்படியொரு பொருளை நாம் கண்டதே இல்லை. நீயோ, "ஓம், செய்வம். இதென்ன பெரிய வேலையோ?" என்றாய்.

நான் வாய் திறக்குமுன் பருப்பை இரும்புச் சட்டியில் போட்டுப் பொன்னிறமாக வறுத்துவிட்டாய். மல்லி, மிளகாய் வறுத்துப் பழகிய கை. பாண் வேப்பங்காயாய்க் கசந்தது. எனக்கு அழுகை வந்தது. நீ மிச்சப் பருப்பை என் பக்கம் தள்ளினாய்.

"எடியே, சாமானில ஒரு பிழையும் இல்லை. மல்லியெண்டு நினைச்சு வறுத்துப்போட்டன். மிச்சத்தைப் பச்சையா இடி."

மத்தியானம் கடைக்காரர் புதிதாகச் சுட்டதில் ஒரு துண்டைத் தின்றார், இன்னொன்றை எடுத்தார். அடுத்த கிழமையும் வேண்டும் என்றார். திரும்பி வந்த பஸ்ஸிலேயே தொழிற்சாலை வேலையை விட முடிவெடுத்தோம்.

பிறகு நீ நோயில் விழுந்தாய்; ஆஸ்பத்திரியில் உன் வயிற்று நோவுக்குத் தாதி செர்ரிக் கொட்டை நிரப்பிய தலையணையைச் சூடாக்கி வைத்தாள். அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இவையள் சூடாக்கினா வைத்தியம், நான் சூடாக்கினா கசப்போ?" என்றாய். அந்த வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம். அதுதான் நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

நீ போனபின் தொழிற்சாலையில் திரும்ப வரச்சொல்லிக் கேட்டார்கள். போறணையை விட்டுவிடத்தான் இருந்தேன். நேற்று ஒரு போர்த்துக்கீசப் பெண் தன் மகளின் கல்யாணத்துக்கு ஏதோ இனிப்புப் பாண் கேட்டாள். பெயர்கூட எனக்கு வாயில் நுழையவில்லை. செய்வீர்களா என்றாள்.

"ஓம், செய்வம்" என்றேன்.

அந்தப் பாண் எனக்குத் தெரியாது. முதல் தடவை கசந்தாலும் கசக்கட்டும். மிச்சச் சாமானை எடுத்து, நீ சொன்னதுபோல் மறுபடி தொடங்குவேன்.