ஆடாத படம்

நிலவைச் சுற்றும் ஆய்வுநிலையம்
எழுதுபவர்: பெனடிக்டா, நிலையப் பொறுப்பாளர்

காலை 06:10
எல்லாம் வழக்கம்போல். காற்றழுத்தம் சரி. நீர் சுத்திகரிப்பான் முனகுகிறது, ஆனால் ஓடுகிறது. ஷாநவாஸ் பாறை மாதிரிகளோடு நிலவுத் தரையிலிருந்து கிளம்பிவிட்டான். மதியம் அவனுடைய விண்ணோடம் நிலையத்தோடு இணையும். இங்கே நாங்கள் இருவர்தான். பேச ஆள் வருகிறது.

09:40
ஓடம் மேலேறும்போது கல் தெறித்து அதன் இணைப்பு வளையத்தில் அடித்திருக்கிறது. வளையத்தில் விரிசல் விட்டிருந்து, அது தெரியாமல் இணைத்தால் நிலையத்தின் காற்று முழுவதும் வெளியே போய்விடும். பார்த்துச் சொல்லவேண்டிய வெளிக்கேமரா போன வாரமே செத்துப்போனது. கையில் இருப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் அனுப்பக் கொண்டுவந்த சின்னக் கேமரா. புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. ஜன்னல் வழியாக எடுத்தேன். படம் முழுக்க ஆடிக் கலங்கியிருக்கிறது.

பூமியின் தரைநிலையத்திலிருந்து தங்கமாரி அண்ணன்: "ஏம்மா, இது விரிசலா நிழலான்னே தெரியல. கை ரொம்ப ஆடுது. ஓடம் இன்னொரு தடவ சுத்தி உன் ஜன்னல் பக்கம் வரும். அதுக்குள்ள பழகிக்கோ, கேட்டியா?"

10:25
எதிர்ச்சுவரில் ஒரு திருகாணியைக் குறிவைத்துப் பழகுகிறேன். பூமியில் முழங்கையை விலாவோடு ஒட்டினால் ஓரளவு நிற்கும். இங்கே உடம்பே மிதக்கிறது. பொத்தானை அமுக்கினால் கேமராவும் சேர்ந்து ஆடுகிறது.

அண்ணன்: "கால கம்பிக்கு அடியில மாட்டு. முதுகு செவுத்துல இருக்கட்டும். கழுத்துப் பட்ட விறைப்பா நிக்கிற வரைக்கும் கேமராவ முன்னால தள்ளு. ஜூமத் தொடாத, நடுக்கமும் சேந்து பெருசாகும். ரெண்டு செகண்ட் டைமர் வையி, விரல் பட்ட ஆட்டம் அடங்கிரும். மூச்ச மெதுவா விடு."

திருகாணித் தலையின் பள்ளம் தெளிவாக வந்துவிட்டது. என் நெஞ்சு அடிப்பதுதான் இன்னும் படத்தில் தெரிகிறது.

11:50
எடுத்துவிட்டேன். கூர்மையான படம். நிழலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஷாநவாஸ்: "பெனி, என்ன தெரியுது? ஒளிக்காமச் சொல்லு."

நான்: "விரிசல்தான்டா."

வானொலியில் அவன் தலைக்கவசத்தை மாட்டும் சத்தம்.

"சரி. அப்ப நான் தாவுறேன்."

12:35
விண்வெளி உடையோடு ஓடத்திலிருந்து நிலையத்துக்குத் தாவ வேண்டும். கயிறு அவ்வளவு நீளமில்லை. கையில் வாயு பீச்சும் துப்பாக்கி மட்டும். என் வீடியோவைப் பார்த்துத்தான் தரையிலிருந்து அவனுக்குத் திசை சொல்லப்போகிறார்கள்.

அண்ணன்: "நீ ஆடுனா, விலகுறது அவனா நீயான்னு எங்களுக்குத் தெரியாது. என்ன நடந்தாலும் கேமராவ எறக்காத."

தாவினான். பொம்மை அளவில் தெரிந்தான். மெல்ல வலப்பக்கம் விலகினான். கேமராவை வீசிவிட்டு வெளிக்கதவுக்குப் பாயத் துடித்தேன். பாயவில்லை. மூச்சை விட்டேன்.

அண்ணன்: "ஷாநவாஸ், எடப்பக்கம் ஒரு அமுக்கு. பத்தல. இன்னொண்ணு!"

அவன் விரல்கள் நிலையத்தின் கைப்பிடியை உரசி நழுவின. மறுகை அதைப் பற்றியது.

"புடிச்சிட்டேன்! பெனி, புடிச்சிட்டேன்!"

அதன் பிறகுதான் கேமராவை இறக்கினேன்.

13:20
ஷாநவாஸ் உள்ளே வந்துவிட்டான். தோள்பட்டை பிசகியிருக்கிறது. வலியோடு சிரிக்கிறான். அண்ணன் சிரிக்கவில்லை.

"பெனி, ஓடத்த ஒரு வீடியோ எடு. ஆளில்லாத ஓடம், வாயு கசியுது. எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும்."

13:31
இதுவரை எடுத்ததிலேயே ஆடாத வீடியோ இதுதான். ஷாநவாஸ் நல்ல கையால் என் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறான். ஓடம் படத்தின் நடுவில் இருக்கிறது. இடப்பக்கம் போகவில்லை. வலப்பக்கமும் போகவில்லை.

"அது கூடவே கேமராவத் திருப்புறியாம்மா?"

"இல்லண்ணே. நான் அசையவே இல்ல."

"அப்ப அது நேரா உங்க மேலதான் வருதும்மா."

13:38
ஓடம் நடுவிலேயே நிற்கிறது. பெரிதாகிக்கொண்டே வருகிறது. நிலையத்தை நகர்த்த நேரமில்லை என்கிறார்கள். பின்னறைக்குப் போய்க் கதவடைக்கிறோம். கேமராவை ஜன்னலில் கட்டிவிட்டேன், ஓடுகிறது. இதைக் கண்டெடுப்பவரே, முதலில் பின்னறையைத் திறந்து பாருங்கள். நாங்கள் இருவர். ஜன்னல் முழுக்க இப்போது