அக்காவுக்குக் கொழும்பு போட்ட கதிரை

அன்பு குறையாத செல்லத்துரை அண்ணைக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் உட்கார நல்ல கதிரை ஒன்று கிடைத்ததா? கிடைக்காவிட்டாலும் தேடிப் பிடித்திருப்பீர்கள். அந்த வித்தையில் உங்களை வெல்ல ஆளில்லை என்பது எங்களுக்கு இந்தப் பெரிய வெள்ளி லீவில்தான் தெரிய வந்தது.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா கொழும்புக்கு வந்து போய்விட்டார். ஓம், உங்கள் மனைவி மங்கையர்க்கரசி அக்காதான். நீங்கள் வருடக்கணக்காகப் போட்ட அதே திட்டப்படி வியாழன் இரவு யாழ்ப்பாணத்தில் ரயிலேறி, திங்கள் இரவு இங்கிருந்து திரும்பினார். கூட்டிக்கொண்டு திரிய நீங்கள் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

வெள்ளவத்தையில் நம்முடைய சமறியில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போய்வரும் ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே வாடகை வீட்டில், ஒரு சமையற்காரனின் கைராசியை நம்பி இருந்தோம். குழம்பு வருகிறதோ இல்லையோ, உங்கள் திட்டம் வந்துவிடும். லீவு விட்டால் நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்கு ஓடுவோம். ரயிலில் ஒற்றைக் காலில் நிற்கவும் இடம் இருக்காது. நீங்கள் அதைத் தலைகீழாகப் பார்த்தீர்கள். அதே இரவு அங்கிருந்து கொழும்புக்கு வரும் ரயில் வெறுமையாக வரும், கால் நீட்டிப் படுத்து வரலாம் என்பீர்கள். சமறியும் வெறுமையாகக் கிடக்கும், ஒரு பெண்பிள்ளை கூச்சமில்லாமல் தங்கலாம் என்பீர்கள். இவ்வளவு மூளையை ஒரு மனிதன் கந்தோரில் செலவழித்திருந்தால் துரையின் கதிரையே உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஆனால் அந்தத் திட்டத்தில் நடப்பதைவிட உட்காருவதுதான் அதிகம். கோட்டை ஸ்டேசனில் சனம் கலையும்வரை மர வாங்கில் உட்கார வேண்டும். கடலோர ரயிலில் கடல் தெரியும் வலப்பக்கம் உட்கார வேண்டும். புறக்கோட்டைப் புடவைக் கடையில் கொஞ்சம், கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் செவ்விளநீர்க்காரனிடம் கொஞ்சம், பிறகு துறைமுகம் தெரியும் மதிலில் கொஞ்சம். கொழும்பைக் காட்டவா, கொழும்பில் குந்தவைக்கவா கூட்டி வருகிறீர்கள் என்று நாங்கள் கேட்போம். நீங்கள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொள்வீர்கள். கடைசியில் வெள்ளவத்தைக் கடற்கரை. அந்த இடம் வந்ததும் மட்டும் உங்கள் சிரிப்பு நின்றுவிடும். “அங்கை இருக்க இடமில்லை. அதை நான் பாத்துக்கொள்ளுவன்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பிவிடுவீர்கள்.

எதைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஒருநாளாவது நாங்கள் கேட்டோமா?

ஒரு வருடம் உங்கள் மகளுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளித்தது. அடுத்த முறை மாமனார் இறந்து துடக்காகிவிட்டது. பிறகு யுத்தம். பெட்டி கட்டி ரயிலேற இருந்த அக்காவை வர வேண்டாமென்று தந்தி அடித்து நிறுத்தினீர்கள். அந்த உயிர்த்த ஞாயிறு காலையில்தான் ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டான். யுத்தம் முடிந்து இனி வரலாம் என்றிருந்தபோது நெருப்புக் காய்ச்சல் வந்து உங்களையே கொண்டுபோய்விட்டது.

உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு அக்கா அறை வாசலில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். அழுகை எல்லாம் ஓய்ந்த குரல்.

“தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. அவர் ஏன் என்னை ஒருக்காலும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை? என்னை நாலு பேருக்குக் காட்ட வெக்கப்பட்டவரோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் வெட்கப்பட வேண்டும் என்றே விளங்கவில்லை. ஒவ்வொரு இரவும் நீங்கள் போட்ட திட்டத்தை அவருக்குச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தன்னை ஆற்றுவதற்காக நான் அப்படிச் சொல்கிறேன் என்றார். அவருடைய தமையனார், அந்தப் பள்ளிக்கூட வாத்தியார், பக்கத்தில் நின்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

புருசன் செத்தவள் ஊர் சுற்றப் போகிறாளோ என்று அங்கே பலர் கதைத்தார்கள். ஜிந்துப்பிட்டி முருகனுக்கு நேர்த்தி இருக்கிறது என்று அக்கா ஒரே வார்த்தையில் அவர்களின் வாயை அடைத்துவிட்டார். அந்த நேர்த்தி நிசமோ, அன்றைக்கு வைத்ததோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். துணைக்கு வாத்தியார் வந்தார். துணையைவிடத் தன் எண்ணம் சரியென்று பார்க்கும் ஆவல்தான் அவருக்கு அதிகம் என்று எனக்குப் பட்டது.

இதற்குள் நாங்கள் ஒரு மடத்தனம் செய்துவிட்டோம். லீவுக்கு நாங்கள் ஊருக்குப் போய்விடுவோம், வீடு வெறுமையாகும் என்பதுதான் உங்கள் திட்டத்தின் ஆணிவேர். செல்லத்துரை அண்ணையின் மனைவி வருகிறாரே, நாங்கள் நின்று கவனிக்க வேண்டாமா என்று ஆளுக்காள் நினைத்து ஒருவரும் ஊருக்குப் போகவில்லை! வெள்ளிக்கிழமை விடியக் கோட்டை ஸ்டேசனில் சமறி முழுவதும் சால்வையோடு நிற்கிறது, வீட்டில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் ஹெவ்லொக் டவுனில் வெறுமையாகக் கிடந்த வேறொரு சமறிக்கு நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனோம்.

ரயில் வந்து நின்றது. வாத்தியார் இறங்கினார். பிறகு அக்கா இறங்கினார்.

ஒரு கையில் தடி. இடது கால் சூம்பிப்போய், பாதம் உள்பக்கம் திரும்பி இருந்தது. குழந்தையிலேயே வந்த வருத்தமாம். செத்த வீட்டிலும் திவசத்திலும் அவர் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. எங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணை? நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லையே. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவும் கூசிப்போய் நின்றோம். அத்தனை வருடம் நாங்கள் பகிடி பண்ணிய வாங்கும் கதிரையும் எதற்கு என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எங்களில் வாய்க்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் முதலில் அசைந்தார். வாங்கைத் தன் சால்வையால் துடைத்து, “இதிலை கொஞ்சம் இருங்கோ அக்கா, சனம் போகட்டும்” என்றார்.

அன்று கடைகள் பூட்டு, ஆகையால் வீட்டில் ஆறுதல். சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது மின்சார விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயைப் பற்றி அக்காவுக்கு ஒரு பிரசங்கமே செய்தோம், சுவிட்சைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மின்சாரத்தில் கை வைக்காதே என்று வாத்தியார் தடுத்துவிட்டாராம். தெரு விளக்கைப் போல விடிந்ததும் தானாக நூர்ந்து அணையும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் சுவிட்சைத் தட்டிக் காட்டியதும் அக்கா தானும் தட்டினார். நூர்த்தார், கொளுத்தினார், மறுபடி நூர்த்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். இவ்வளவு காலம் தினமும் தட்டிய சுவிட்சு எனக்கும் அன்று புதிதாகத் தெரிந்தது.

புறக்கோட்டையில் அந்தப் புடவைக் கடைக்குப் போனோம். கடை முதலாளியான முஸ்லிம் நானா, அக்கா தடியூன்றி ஏறி வருவதைப் பார்த்தார், உங்கள் சமறி ஆளென்று அவர் அறிந்த நான் பின்னால் வருவதையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கை வைத்த கதிரை ஒன்றைத் தானே தூக்கி வந்து போட்டார்.

“செல்லத்துரை ஐயாட வீட்டுக்காரங்கதானே? ஒவ்வொரு லீவுக்கும் வாறாங்க, வாறாங்கண்டு சொல்லுவாரு. கை வெச்ச கதிரதான் வேணும்பாரு. நாங்க யாரோ ராசாத்தி வாறாங்களாக்கும் எண்டு நெனச்சம்.”

அக்கா கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். காலைப் பற்றி ஏதாவது சொன்னவரோ என்று மெல்லக் கேட்டார். இல்லையே, நல்ல கதிரை வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார் என்றார் நானா. வாத்தியார் புடவை விலை விசாரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் செவ்விளநீர்க்காரன் எங்களுக்கு முந்திக்கொண்டான். “மே தமயித மஹத்தயாகே நோனா?” என்றான் சிங்களத்தில். இவர்தானோ ஐயாவின் மனைவி என்று கேட்கிறான் என்று நான் அக்காவுக்குச் சொன்னேன். அவன் உட்காரக் கொடுக்கும் பெட்டியின் அடியில் செங்கல் அடுக்கி இருந்தது. பெட்டி பதிந்து தாழ்வாக இருக்கிறது, எழும்பக் கஷ்டம் என்று நீங்களே ஒருநாள் கல் கொண்டுவந்து வைத்தீர்களாம். எத்தனையோ பேர் உட்கார்ந்து எழும்பியும் அவன் அந்தக் கல்லை எடுக்கவில்லை. அக்கா உட்கார்ந்து பார்த்தார், உயரம் சரியாக இருந்தது. ஒருவர் தயவும் இல்லாமல் எழும்பினார்.

அங்கிருந்து துறைமுகம் தெரியும் மதிலுக்குப் போனோம். ஒரு பக்கம் மாதா கோயிலின் பெரிய குவிமாடம், கீழே கப்பல்கள். நம் ஒழுங்கைத் தெருவைவிட நீளமான கப்பல் ஒன்று புகை விட்டுக்கொண்டு நின்றது. இதெல்லாம் மிதக்கிறதா என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன், ஆனால் எனக்கே அப்போது நம்பிக்கை வரவில்லை. எவ்வளவு காலமாக இந்தக் கப்பல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்! மதிலில் உட்கார்ந்தபடி அக்கா அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு தமையனாரின் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, வெக்கப்பட்ட மனிசன் இவ்வளவு பெரிய ஊரிலை வீதி வீதியாப் போய் எனக்குக் கதிரை கேட்டிருப்பாரோ?”

திரும்பி வரும்போது அக்காவின் பையை வாத்தியாரே வாங்கிச் சுமந்தார்.

ஞாயிறு பின்னேரம் கடற்கரை. ரயில் பாதையைக் கடந்து மணலுக்கு வந்ததும் அக்கா என்னிடம் திரும்பி, இங்கே எங்கே இருக்கச் சொன்னவர் என்று கேட்டார். நான் என்ன செய்வேன், அண்ணை? சொல்லித்தானே ஆகவேண்டும். “இங்கை இருக்க இடமில்லை அக்கா. ‘அதை நான் பாத்துக்கொள்ளுவன்’ எண்டு சொன்னவர்” என்றேன்.

மணலில் தடி ஊன்றினால் புதையும். அலை வந்து இழுத்தால் அந்தக் காலால் நிற்க முடியாது. கையைப் பிடித்துக்கொள்ள உங்களைத் தவிர யாருக்கு உரிமை? அதைத்தான் நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். வாத்தியார் கையை நீட்டினார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்துத் தடியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தனியே இறங்கினார். அலை முழங்கால்வரை வந்து சேலையை நனைத்துக் கீழே மணலை அரித்தது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். வலக்கையை, பக்கத்தில் ஆள் நிற்பதுபோலக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். பிறகு நிமிர்ந்துவிட்டார். சூரியன் கடலில் இறங்கி முடியும்வரை அப்படியே நின்றார். அவர் விழவில்லை, அண்ணை. நான் பார்த்தேன், நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

கரைக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அவர் பாத்துக்கொண்டவர்.”

என் கதையையும் கேளுங்கள். லீவுக்கு நான் ஊருக்குப் போகாததால் என் பெண்சாதி பவளம் என்னோடு கோபம். ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: அந்த அக்காவுக்குக் கொழும்பைக் காட்டினாராம், கலியாணம் கட்டினவளுக்குக் கோட்டை ஸ்டேசன் எந்தப் பக்கம் என்றும் தெரியாதாம். அவள் சொல்வதில் என்ன பிழை?

ஆகையால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த நீண்ட லீவுக்கு நான் ஊருக்குப் போகப் போவதில்லை. வெறுமையான அந்த ரயிலில் பவளம் இங்கே வருவாள். மற்றவர்களை ஊருக்குத் துரத்திவிடுவேன், சுவிட்சையும் முதலில் காட்டிவிடுவேன். அவளுக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, மைல் கணக்கில் நடப்பாள். ஆனாலும் போன சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய், நானாவிடம் ஒரு கதிரைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கடற்கரைக்கு வந்ததும் அவள் கையை நான் பிடித்துக்கொள்வேன்.

என்றும் உங்கள் சமறித் தம்பி,
துரைராசா
வெள்ளவத்தை