மடத்துக் கம்பித்தடுப்பு

நவம்பர் 12, புதன்

விற்பனைக்கு வந்திருக்கும் பெனடிக்டின் கன்னியர் மடத்தை இன்று அளவெடுத்தேன். அக்கா இருபது ஆண்டுகள் துறவியாக இருந்த இடம். பார்வையாளர் அறையைப் பிரிக்கும் இரும்புக் கம்பித்தடுப்பு இன்னும் நிற்கிறது. அதன் ஓரத்தில் கீல்களும் பூட்டும் இருந்தன. அம்மா எப்போதும் அதற்கு இப்பால் இருந்துதான் அக்காவுடன் பேசுவார்.

அந்தத் தடுப்பு திறக்குமா என்று, முதியோர் இல்லத்தில் இருக்கும் அக்காவிடம் மாலையில் தொலைபேசியில் கேட்டேன்.

“ஓம் தம்பி, கேட்டாத் திறந்து விடுவினம். அம்மா கேக்கத்தான் வெளிக்கிட்டவ. எங்கட சட்டம் எங்களைவிட உனக்கெல்லோ தெரியும்! நீதானே ‘திறக்கக்கூடாது, அது மடத்துச் சட்டம்’ எண்டு அவவை மறிச்சனி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்படியொரு விதியை எனக்கு யாரும் சொன்னதில்லை. கம்பிகளைக் கண்டு நானே முடிவுசெய்திருக்கிறேன். அம்மா கடைசிவரை அக்காவைத் தொடாமலே இறந்துபோனார்.