மூன்று ஊர், ஒரே கோடு

8 ஜூலை 1996, திங்கள்

மேகம் உண்டு, மழை இல்லை. காற்றில் விடுதி ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

டைரி எழுதும் அளவுக்கு நான் யார் என்று எனக்கே கூச்சம். மன்னிப்பு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. உரக்கடையில் அப்பாவுக்கு இனாமாகக் கொடுத்த டைரி, பாதி வருடம் வெறுமையாகக் கிடந்தது. வாய் திறந்து பேச முடியாதவள் எங்காவது எழுதித்தானே ஆகவேண்டும்.

அம்மா என் வேலை என்ன என்று கேட்டால் சொல்ல, ஒத்திகை: பன்றி மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுக்கிறோம். அதில் பாஸ்டுரெல்லா என்று ஒரு கிருமி. அதைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து, நொதியால் வெட்டி, ஜெல்லில் மின்சாரம் செலுத்தினால் துண்டுகள் கோடு கோடாகப் பிரியும். கோடுகள் மாறினால் கிருமியின் வகை வேறு. ஆறு ஊரில் எத்தனை வகை என்பதுதான் கேள்வி.

இன்று ஜெல் ஓடியது. மின்சாரம் போகவில்லை, அதிசயம். புறஊதா விளக்கில் பார்த்தோம். மூன்று ஊர் தனித்தனி. சேரன்மகாதேவி, வள்ளியூர், சாத்தான்குளம் மட்டும் அச்சு அசல் ஒன்று.

கூடப் படிக்கிற வனஜா: “இதென்னட்டி, ஒரே வயித்துல பொறந்ததுக மாதிரி நிக்கி!”

சிரித்தாள். நான் குனிந்து அந்த மூன்று ஊர்ப் பெயரையும் மறுபடி படித்தேன்.

எங்களுக்கு வழிகாட்டும் சார் ஜெல்லின் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

சோப்பு, பேனா நிப், ஹேர்பின் வாங்கவேண்டும்.

9 ஜூலை, செவ்வாய்

காற்று. கண்ணெல்லாம் மண்.

சார் சொல்லிவிட்டார். “மூணு ஊரு, மூணு வேற வேற ஆளு வளக்குத பன்னி. கிருமி மட்டும் ஒண்ணுன்னா எப்படிம்மா? தட்டு கலந்திருக்கு. யாரு தட்டு போட்டது?”

வனஜா எழுந்து நின்றாள். “நாந்தான் சார்.”

“ஒரு தட்டத் தொட்ட கம்பிய சுடாம அடுத்ததுல வச்சா இப்பிடித்தான் வரும்.”

கை கழுவும் இடத்தில் அழுதாள். “ஒவ்வொரு வாட்டியும் செவக்கச் செவக்கச் சுட்டுத்தாம்ட்டி தொட்டேன். நீ பாத்துக்கிட்டுதான இருந்த?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைச் சாரிடம் சொன்னேன், “பாத்தேன் சார், சுட்டா” என்று. அவருக்குக் கேட்டதோ என்னவோ. என் குரல் அப்படி.

சொல்லாதது: மூன்றும் ஏன் ஒன்று என்று எனக்குத் தெரியும்.

சேரன்மகாதேவிப் பன்றி எங்கள் வீட்டுப் பன்றி. வள்ளியூர், பெரிய அத்தை. சாத்தான்குளம், சின்ன அத்தை. எங்கள் வீட்டில் பெண் கட்டிக்கொடுத்தால் பாத்திரம் பண்டத்தோடு ஒரு பெட்டைக் குட்டியும் போகும். பெரிய அத்தையின் குட்டியும் சின்ன அத்தையின் குட்டியும் எங்கள் கொட்டடியில் ஒரே தாயிடம் பால் குடித்தவை. இன்று அங்கே நிற்பவை எல்லாம் அவை போட்டவை.

சளி எடுக்க ஊர் பிரித்தபோது இந்த மூன்றையும் நானே கேட்டு வாங்கினேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கொல்லையில் போய் நிற்க எனக்குக் கால் வராது. அத்தை வீடு என்றால் காப்பி கிடைக்கும், பன்றியையும் பிடித்துத் தருவார்கள். வள்ளியூரில் பெரிய அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி, “எங்க அண்ணன் மவ வந்திருக்கா, பன்னிக்கு மூக்கு வைத்தியம் பாக்க!” என்றாள். உரிமையாளர் என்று அத்தை வீடுகளுக்கு மாமாக்கள் பெயரையும், எங்கள் வீட்டுக்கு ஊரார் அப்பாவைக் கூப்பிடும் பட்டப்பெயரையும் எழுதினேன். அவர்கள் எனக்கு யார் என்று எவரும் கேட்கவில்லை.

10 ஜூலை, புதன்

எல்லாம் முதலிலிருந்து. பழைய தட்டிலிருந்து கிருமி எடுத்துப் புதுத் தட்டு, புது நொதி (மதுரையிலிருந்து பஸ்ஸில் ஐஸ் பையில் வந்தது). வனஜாவைத் தொடவிடவில்லை. சீனியர் அண்ணன்தான் செய்கிறார்.

அவர் ஆரம்பத்தில் ஒருநாள் சொன்னது இன்று மறுபடி காதில்: “பன்னி வளக்கவன் பக்கத்துல நின்னுட்டு வந்தேன் வே. ரெண்டு குளி குளிச்சும் நாத்தம் போவல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இங்கே எல்லோருக்கும் என் அப்பா விவசாயி. பொய் இல்லை. வாய்க்கால் ஓரம் கொஞ்சம் நெல் உண்டு. ஆனால் என்னைப் படிக்கவைத்தது நெல் இல்லை.

மதியம் வனஜா சாப்பிடவில்லை. என் டப்பாவை நீட்டினேன். “வேண்டாம்ட்டி. நீயாவது என்னைய நம்புதியா?” என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

11 ஜூலை, வியாழன்

மறுபடியும் அதே கோடு. மூன்றும் ஒன்று.

சீனியர் அண்ணன் கை சுத்தம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆகவே சார் முடிவு: பழைய தட்டிலேயே கலப்பு. மூன்று ஊரையும் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடலாம். திங்கள் முதல் வனஜா கண்ணாடிச் சாமான் கழுவட்டும்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தலைவலி. விடுதியில் ரசம் உப்பு.

12 ஜூலை, வெள்ளி

சாயங்காலம் ஊருக்கு வந்தேன். ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, மலையில் மழைபோல.

அப்பா கஞ்சிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“என்னட்டி, பன்னிக்கு எதும் சீக்கா?”

“இல்லப்பா. நம்ம பன்னி மூக்குல இருக்க கிருமியும் அத்தைமாரு வீட்டுப் பன்னி மூக்குல இருக்க கிருமியும் ஒண்ணு.”

அப்பா சிரித்தார். “பொறந்த வீட்டுச் சளியையும் வாரிக்கிட்டுப் போயிட்டாளுவளா!”

நானும் சிரித்தேன். பிறகு வனஜா கதையைச் சொன்னேன். சாரிடம் உள்ளதைச் சொல்லவேண்டியிருக்கும் என்றேன். தவிட்டில் இருந்த கை நின்றது.

“இத்தன நாளு சொல்லலியோ?”

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா உள்ளே இருந்து: “அவள ஏன் போட்டுக் கொடையுதிய? நாளைக்குப் பொண்ணு கேக்க வாறவன் என்ன நினைப்பான்?”

அப்பா: “எனக்கென்ன? நான் பன்னி வளக்கது ஊருக்கே தெரியும். ஒனக்கு எது தோதோ அதச் செய்யி.” வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டடிக்குப் போய்விட்டார்.

13 ஜூலை, சனி

காலை முதல் பஸ். லேசாகத் தூறல்.

சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. சார் மேசைக்கு முன் நின்று, “சார், தட்டு கலக்கல. பன்னிதான் ஒண்ணு” என்றேன். குட்டி, அத்தை, சீர் எல்லாம் தலைகீழாக வந்து விழுந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “ஒங்க அப்பா பன்னி வளக்காரா?”

“ஆமா சார். எங்க வீட்டுப் பன்னிதான் சார்.”

சீனியர் அண்ணன் தரையைப் பார்த்தார். வனஜா கையில் குடுவையோடு அப்படியே நின்றாள்.

“இத மொதல்லயே சொல்லப்படாதாம்மா?” சார் தாளை இழுத்து எழுதத் தொடங்கிவிட்டார். எந்தக் குட்டி எங்கே போனது, தாய் எது, இப்போது நிற்பது எது. எழுத எழுத அவர் குரல் மாறியது. “அப்ப கிருமி ஊருக்கு ஊரு மாறல. பன்னி போன வழியே போயிருக்கு. இதத் தூக்கியில்ல போடப் பாத்தேன்? வனஜா, ஒம்மேல தப்பில்லம்மா. திங்கக்கெழம ஒன் எடத்துக்கே வந்துரு.”

வனஜா கடந்துபோகும்போது என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். “பாவி. என்னைய அழவிட்டு வேடிக்க பாத்தியேட்டி.” இனி பேசுவாளா, தெரியவில்லை. கிள்ளியது நல்ல அறிகுறி என்று வைத்துக்கொள்கிறேன்.

மற்றவர்கள் நகர்ந்த பிறகு சார் குரலைத் தாழ்த்தினார். “நீ பயப்படாத. கட்டுரையில ‘ஒரே குடும்பத்தார் வளர்த்தவை’ன்னு மட்டும் போட்டுக்கிடுவோம். பேரு வேண்டாம். ஒனக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சி இருக்கு பாரு.”

நல்ல மனதோடுதான் சொன்னார். “சரி சார்” என்றேன். கதவு வரை வந்துவிட்டேன்.

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தி ஒன்று உண்டு. நொதி அனுப்பிய மதுரைக்காரர் பெயர் இருக்கும், போட்டோ எடுத்தவர் பெயர் இருக்கும். திரும்பிப் போனேன். இந்தமுறை குரல் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

“சார், நன்றி சொல்லுத எடத்துல எங்க அப்பா பேரப் போடுங்க சார். முழுப் பேரும். பன்னி அவருதுன்னு.”