தழை வைக்கப் போன தம்பிக்கு

என் ராசா முருகேசா,

நீ இருக்கிற இடத்தில் ரோடு எப்படியோ, எனக்குத் தெரியாது. இங்கே பைபாஸ் நீ பார்த்தபடியேதான் இருக்கிறது. வெள்ளைக் கோடு, அதை ஒட்டி ஒரு முழம் தார், அதற்கப்புறம் இரும்புத் தடுப்பு. வண்டி மக்கர் பண்ணினால் ஓரங்கட்ட இடமில்லை. நீ போய் ஒரு வருஷமாகியும் அந்த ஓரம் ஒரு சாண்கூட அகலவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் பெண்டாட்டி செல்வி இப்போது உன் குட்டியானை லோடு வண்டியை ஓட்டுகிறாள். விற்றுத் தொலை என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "தோட்டத்துத் திராட்சைய யாரு தலையில வச்சுத் தேனிக்குச் சுமக்குறது அத்தாச்சி" என்று திருப்பிக் கேட்டாள். லைசென்ஸ் எடுத்தாள். காமயகவுண்டன்பட்டியே நின்று வேடிக்கை பார்த்தது. இப்போது அந்த ஊரே அவள் வண்டியில் பெட்டி ஏற்றிவிடுகிறது.

அவள் கிளம்பினால் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டாள், ஓட்டும்போது எடுக்கக் கூடாதாம். நல்ல பழக்கம்தான். திரும்பி வருகிற வரைக்கும் எனக்குத்தான் ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை. நீ ஓட்டியபோது நான் இப்படிப் பயந்தேனா? இல்லையே.

உன்னைத் திட்டி எழுதக் கூடாதென்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்றைக்கு டயர் வெடித்து வண்டி பைபாஸில் நின்றது. நீ என்ன செய்தாய்? நம் பக்கத்து ஆள் எவரும் செய்வதைத்தான் செய்தாய். வேப்பங்கொப்பை ஒடித்துக்கொண்டு, வருகிறவனுக்குத் தெரியட்டுமென்று வண்டிக்குப் பின்னால் போட நடந்தாய். பழைய ரோட்டில் அது சரி. வண்டி பாதி மண்ணில் நிற்கும், வருகிறவன் மெதுவாக வருவான், தழையைப் பார்த்து ஒதுங்கிப் போவான். பைபாஸில் அவன் தழையைப் பார்க்கும்போதே தழைக்கு மேலே வந்துவிடுகிறான். கையில் கொப்போடு கிடந்தாய் என்று சொன்னார்கள். அந்தத் தடுப்பைத் தாண்டி நிற்கலாம் என்று உனக்கு ஏன்டா தோன்றவில்லை?

கலெக்டர் ஆபீஸ் மனு நாளன்று நானும் செல்வியும் தேனிக்குப் போனோம். வண்டி ஒதுங்க ஓரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பதில் சொன்ன அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இது வண்டி நிக்கக் கூடாத ரோடும்மா. நிறுத்துறதுக்குன்னு தனியா இடம் விட்டிருக்கோம்" என்றார். "அங்கன வரைக்கும் ஓடுனா அது எதுக்கு சார் ரிப்பேரு" என்று கேட்டுவிட்டேன். செல்வி என் இடுப்பில் கிள்ளினாள். பார்க்கிறோம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கண்ணுக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் செல்வியோடு ஏறிக்கொண்டேன். பின்னால் முழுக்கப் பன்னீர் திராட்சை. பைபாஸில் பாதி தூரம் போனதும் முன்பக்கம் புகை வந்து வண்டி நின்றுவிட்டது. வண்டி உருண்ட வரைக்கும் செல்வி தடுப்போரமாக ஒட்டி, மினுக்கு லைட்டைப் போட்டாள். அப்படியும் முக்கால் வண்டி ரோட்டில்தான். என் பக்கத்துக் கதவு தடுப்பில் இடித்துப் பாதிதான் திறந்தது. எப்படியோ நெளிந்து இறங்கினேன்.

இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தடுப்புக்கு மேலே சாய்ந்திருந்த வேம்பில் எட்டிப் பிடித்து ஒரு கொப்பை ஒடித்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை, கை தானாகப் போனது. பின்பக்கமாக நடக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"அத்தாச்சி, அதக் கீழ போடுங்க." அவள் ரோட்டுப் பக்கம் இறங்காமல் என் சீட்டு வழியாகவே வெளியே வந்திருந்தாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"வாரவனுக்குத் தெரிய வேணாமாடி?"

"கண்ணு இருக்கவனுக்கு லைட்டு தெரியும். நீங்க தாண்டுங்க."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுத் தாண்ட?"

"தாண்டலைன்னா தூக்கிப் போட்ருவேன்."

சொன்னபடி செய்தாள். திராட்சைப் பெட்டியை ஏற்றுகிற மாதிரி என் காலைத் தூக்கி அந்தப் பக்கம் தள்ளினாள். சரிவில் விழுந்து எழுந்தேன். அங்கேயும் நிற்க விடவில்லை, கையைப் பிடித்துக் கீழே இருந்த தோட்டத்துக்குள் இழுத்துப் போனாள். "பழம் வெயில்ல வேகுதேடி, சாக்கையாச்சும் நனைச்சுப் போட்டுட்டு வாரேன்" என்றேன். "வேகட்டும்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பைத்தியக்காரி என்றுகூடத் திட்டினேன்.

திட்டிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்து அடித்தது. வண்டியின் பின்பாதி முன்பாதிக்குள் போய்விட்டது. நான் தழை போட நடந்த இடமெல்லாம் பழம் கறுப்புக் கறுப்பாக நசுங்கிக் கிடந்தது. லாரிக்காரருக்கு அடியில்லை. இறங்கி எங்களைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

செல்வி வண்டியைப் பார்க்க ஓடவில்லை. என் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்தபடியே நின்றாள். போலீஸ் வரும் வரைக்கும் விடவில்லை. அப்புறம் சொன்னாள். "ஒரு எட்டுத்தான அத்தாச்சி. அவுகளும் இந்தா இங்கன வந்து நின்டுருக்கலாம்ல." அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். லாரிக்காரர் எதற்கென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார்.

வண்டி பட்டறையில் கிடக்கிறது. சரியானதும் மறுபடி ஓட்டத்தான் போகிறாளாம். என் வயிற்றைப் பற்றி யாருக்குக் கவலை? பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்: பைபாஸில் வண்டி நின்றால் லைட்டைப் போடு, தடுப்பைத் தாண்டித் தள்ளிப் போய் நில், தழை வைக்கப் போகாதே. டீக்கடையில் சிரிக்கிறார்கள். "லோட அநாதையா விட்டுட்டுப் போகச் சொல்றியா ஆத்தா?" என்கிறார்கள். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். ஓரம் கேட்டு மறுபடியும் மனு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அவள் கிள்ளினாலும் பேசுவேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், முருகேசா. அவள் லோடு ஏற்றுகிற நாளெல்லாம் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். வண்டி நின்றால் பழமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், அவளை இழுத்துக்கொண்டு நான்தான் முதலில் தாண்டுவேன். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவளில்லாமல் உனக்குச் சோறு இறங்காது என்பதும் தெரியும். என்ன செய்ய, இருந்துகொள். செல்வியை இப்போதைக்கு உன்னிடம் அனுப்புவதாக இல்லை.

திட்டித் திட்டியே உன்னை வளர்த்த,
உன் அக்கா