கதவோரத்துச் சீட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் குட்டியும், அங்கே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஒற்றை ஆள், அந்த ஒற்றை ஆளும் சுகம்தான். ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடாமல் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன், இப்போது சொட்டுவதில்லை. மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் தினமும் "என்ன சார், பொட்டி கட்டியாச்சா?" என்று கேட்கிறான், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே என்றால் காதில் வாங்குவதில்லை. போன் இருக்கும்போது அப்பாவுக்கு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "விடுங்கப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் நீ மட்டும் தனியாகப் படி.

விஷயம் அந்த விமானச் சீட்டு. கால் நீட்ட இடம் உள்ள சீட்டாகப் பார்த்துக் கூடுதல் பணம் கட்டி எடுத்திருக்கிறாய். பதினான்கு மணி நேரம் உட்கார வேண்டும், உங்க காலுக்கு சாதா சீட் ஆகாதுப்பா என்றாய். எனக்கு முதலில் வழக்கமான யோசனைதான் வந்தது, காலை நீட்டுவதற்குக் கூடவா காசு என்று. அதனால் சாப்பாட்டு மேசை நாற்காலியை பீரோவுக்கு எதிரே போட்டு, சாதா சீட்டில் எவ்வளவு இடைவெளி இருக்குமோ அதை டேப்பில் அளந்து வைத்து, முழங்கால் இடிக்க உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்காதே. ஒரு மணி நேரம் தாங்கியது. இரண்டாவது மணி முடிந்து எழுந்திருக்க பீரோ கைப்பிடியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. சரி, மகள் கட்டிய காசு தகும் என்று முடிவு செய்து, மறுநாள் டிக்கெட்டைத் தாளில் எடுத்துக்கொள்ள டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே கவுன்டரில் இருந்த பெண் சீட்டு எண்ணைப் பார்த்துவிட்டு, "அவசரக் கதவுகிட்ட இருக்கு சார், நல்ல எடம். ஏறினதும் ஒண்ணு கேப்பாங்க, ஏதாவது ஆச்சுன்னா கதவைத் தொறந்து மத்தவங்களுக்கு உதவுவீங்களான்னு. ஆமான்னு சொன்னாப் போதும்" என்றாள். அந்தப் 'போதும்' என்னை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

உனக்கு ஆலை பஸ் விபத்து தெரியும். இரண்டாம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, எங்க அப்பா கதவைத் திறந்து ஏழு பேரைக் காப்பாற்றினார் என்று. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், உன் அம்மாவுக்கும் அவ்வளவுதான். மீதியை இப்போது சொல்கிறேன். அட்டைப்பெட்டி ஆலையில் நான் பிட்டராக இருந்தபோது காலை ஷிப்ட் பஸ்ஸில் அவசர வழிக் கதவை ஒட்டிய சீட்டு எனக்குத்தான். அந்தக் கதவுக்காக முன்னால் ஒரு வரிசையைக் கழற்றியிருந்தார்கள், என் கால் போக இடம் இருந்த ஒரே சீட்டு அது. யாராவது தெரியாமல் உட்கார்ந்தால், "எந்திரிப்பா, நெட்டை வர்றாரு" என்று மற்றவர்களே கிளப்பிவிடுவார்கள். பக்கத்தில் ஸ்டோர் கீப்பர் உட்காருவார். அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தோம், அத்தனை பேச்சு. ஆனால் பாதி வழியில் ரேடியோ ஆஃப் ஆகிவிடும், என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அன்றைக்கும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். மழை. சாலையோரம் மண் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. பஸ் வழுக்கி முன்பக்கம் உள்ளே இறங்கிவிட்டது, முன்னால் இருந்தவர்கள் எல்லாம் நாங்கள் இருந்த பக்கம் ஏறி வர, பின்னாலேயே தண்ணீரும் ஏறி வந்தது. நான் கைப்பிடியைத் திருகினேன், கதவு திறந்தது. யாருக்காகவும் திறக்கவில்லை அம்மாடி, நான் வெளியே போகத்தான் திறந்தேன். பாதி உடம்பு வெளியே போனபோது இடது கணுக்காலை ஒரு கை பிடித்தது. நான் உதைத்தேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மூன்றாவதில் பிடி விட்டது. நான் கரையேறி, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். எனக்குப் பின்னால் அதே கதவு வழியாக ஏழு பேர் வந்தார்கள். ரேடியோ வரவில்லை.

ஆலையில் மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், பேப்பரில் படம் வந்தது. அந்த ஏழு பேரில் யாருடைய கையாகவும் அது இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் ஒருத்தராவது, ஆமாம் நான்தான் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தருமே சொல்லாமலும் போயிருக்கலாம். அந்த இரண்டாவதற்குப் பயந்து கேட்கவே இல்லை. இப்போது கேட்க அவர்களில் பாதிப் பேர் இல்லை. ஆனால் அந்தப் பிடி மட்டும் இருக்கிறது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும். போர்வை காலில் சுற்றினால் தெரியும், நீ சின்னவளாக இருக்கும்போது தவழ்ந்து வந்து காலைப் பிடித்தாலும் தெரியும், உன்னைத் தூக்கிக் கொஞ்சாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். பெரிய கட்டில் வாங்கியும் அப்பா ஏன் இறால் மாதிரி சுருண்டு படுக்கிறார் என்று கேலி செய்வாயே, அதற்கும் காரணம் இதுதான்.

டிராவல்ஸ் ஆபீசிலிருந்து நேரே ரேடியோவின் மனைவியைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாள் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். கடை முழுக்க மெஷின் சூடும் மை வாடையும். யாரோ ஒரு மாணவனின் புராஜெக்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அவர்கள் கை நிற்கவில்லை. முடித்த பிறகுதான், "தூங்கிட்டே போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க" என்றார்கள். ஆமாம், சொன்னேன். விபத்து நடந்த மூன்றாம் நாள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். "இருபத்தாறு வருஷமா அதை வெச்சுத்தான் நான் தூங்கிட்டிருக்கேன். இப்ப நீங்க எறக்கி வெச்சுட்டு பிளேன் ஏறிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த மாணவனைக் கூப்பிட்டு புராஜெக்டைக் கையில் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. பாரம் இறங்கும் என்று போனவன், இன்னொருத்தர் தூக்கத்தையும் கெடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்தப் பிடியோடு அவர்கள் முகமும் சேர்ந்து வருகிறது.

அதனால் அம்மாடி, அந்தச் சீட்டை மாற்றிவிடு. பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெண் சொன்ன மாதிரி 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்னால் அங்கே உட்கார முடியாது. கேட்பவர் கண்ணைப் பார்த்து ஆமாம் சொல்லக்கூடிய ஒருத்தர் அங்கே உட்காரட்டும், மற்றவர்களுக்கும் அதுதான் நல்லது. நடைபாதை ஓரமாகச் சாதா சீட்டு கிடைத்தால் எடு, மணிக்கொரு தரம் எழுந்து நடந்துகொள்கிறேன். எனக்கு மனசு சரியில்லையோ என்று டாக்டரைத் தேடாதே. அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம், நான் வந்து என் வாயால் சொல்கிறேன். அவள் என்ன சொல்வாளோ தெரியவில்லை. நீ என்ன நினைப்பாய் என்றும் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடு, மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே. குட்டிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. என் திரும்பும் தேதியைத் தள்ளிப்போடாதே, நீயும் அம்மாவும் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் இருங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். நேற்று ரேடியோவின் மனைவி போன் செய்தார்கள். எடுத்ததும், "கெட்டியா புடிச்சாரா?" என்று கேட்டார்கள். கெட்டியாகத்தான் என்றேன். அது அவர் கைதானா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு எப்போது திரும்பி வருவேன் என்று கேட்டு, தேதியைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். "வந்ததும் கடைக்கு வாங்க. அன்னிக்கு பஸ்ல தூங்குறதுக்கு முன்னாடி அவரு என்னென்ன பேசினாருன்னு கேக்கணும். இந்தத் தடவை நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார்கள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா